கூந்தன்குளத்துக்குப் பறவைகள் வந்தது அணைக்குப் பிறகா?



போன வாரம் நம் பழைய பத்தாம் வகுப்புக் குழுவில் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். கூந்தன்குளத்துப் பறவைப் படம் ஒன்றை ஒருவர் போட்டார். "மணிமுத்தாறு அணை கட்டி அந்தத் தண்ணி வந்த பிறகுதான் அங்க பறவையே வந்துச்சு" என்று பொதுப்பணியில் இருக்கும் இன்னொருவர் எழுதினார். "எங்க தாத்தா காலத்துலயே இருந்துச்சு" என்று நாங்குநேரிக்காரர் ஒருவர் மறுத்தார். கடைசியில் "சார் சொல்லட்டும்" என்று எல்லோரும் சேர்ந்து என் தலையில் கட்டிவிட்டார்கள். வரலாற்று வாத்தியாருக்கு ஓய்வு ஏது? கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். காபியை வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஊரைப் பற்றி, வெளியூரில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்காக. கூந்தன்குளம் நாங்குநேரி தாலுகாவில், திருநெல்வேலியிலிருந்து சுமார் 38 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மூலக்கரைப்பட்டி வழியாகப் போகலாம். ஆற்றங்கரை ஊர்களில் வாழையும் நெல்லும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு மாதிரி இருக்கும். பனை, உடை, தரிசு, தூரத்தில் சுற்றும் காற்றாடி. வானம் பார்த்த பூமி. அதனால்தான் அங்கே ஊர்ப் பெயரில் பாதி 'குளம்' என்று முடிகிறது. செங்கல்பட்டுக்காரர் ஏரி என்பதை, ராமநாதபுரத்துக்காரர் கண்மாய் என்பதை நாம் குளம் என்கிறோம். கரை, மடை, மறுகால், ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்தது அது. குளிக்கிற தெப்பக்குளம் என்று நினைத்துவிடாதீர்கள். கூந்தன்குளம், பக்கத்திலுள்ள காடன்குளம் என்ற இரண்டு பாசனக் குளங்கள் சேர்ந்து சுமார் 129 ஹெக்டேர். 1994-ல் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

எழுதுவதற்கு முன் ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று ஐப்பசி முதல் வாரத்தில் ஒரு நாள் பழைய மாணவர் ஒருவரின் காரில் போய்வந்தேன். நிறையப் பறவை பார்க்க வேண்டும் என்றால் ஐப்பசி சரியான மாதம் இல்லை. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் தொடங்கும். குளத்தில் பாதிக்கு மேல் சேறும் வெடிப்பும்தான். ஆனால் கூட்டம் வருவதற்கு முன் மண்டபத்தைப் பார்ப்பது போல, வெறும் குளத்தைப் பார்த்தால்தான் அதன் அமைப்பு புரியும்.

கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி நின்றோம். நடுவில் மிச்சமிருந்த தண்ணீரைச் சுற்றி நெடுங்கால் உள்ளான்கள், சிவப்புக் குச்சிக் காலோடு. அவற்றுக்கு நடுவே வாலை ஆட்டிக்கொண்டே இரை பொறுக்கும் பொறி உள்ளான்கள். இவை வடக்கே குளிர்நாட்டில் குஞ்சு பொரித்துவிட்டு வந்த விருந்தாளிகள். தந்திக் கம்பியில் தகைவிலான் வரிசை, கரை ஓரத்தில் மஞ்சள் வாலாட்டி, நீலவால் பஞ்சுருட்டான். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்துபோக, புள்ளிமூக்கு வாத்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து சுற்றிவிட்டு அதே இடத்தில் இறங்கின. நத்தைகுத்தி நாரை பத்துப் பன்னிரண்டு. மஞ்சள்மூக்கு நாரை நான்குதான். கூழைக்கடா ஒன்றுகூட இல்லை.

ஆனால் ஊருக்குள் நடந்தபோது அண்ணாந்து பார்க்கச் சொன்னார் உடன் வந்தவர். வேம்பு, புளி, பூவரசு என்று வீட்டுக் கொல்லை மரங்களில் எல்லாம் போன பருவத்துக் கூடுகள் சுள்ளிக் கட்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்தன. யாரும் கலைக்கவில்லை. ஒரு வீட்டில் துணி காயப்போடும் கொடிக்கு நேர் மேலே ஏழு கூடு. டீக்கடைப் பெரியவர் ஒருவர் சிரித்தார். "இப்பம் வந்தா என்ன அண்ணாச்சி இருக்கும்? தை பொறந்து வாங்க. மரம் தெரியாது, பறவதான் தெரியும்."

"நாத்தம், எச்சம் எல்லாம் தொந்தரவா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கத்தான் செய்யும். மீன் நாத்தத்துல சோறு எறங்காது சில நாளு. அதுக்காவ? பிள்ளப்பேத்துக்கு வந்தவள வெளிய போன்னு சொல்லுவமா?"

இந்தத் தாய்வீட்டு உவமையை அந்த ஊரில் பலர் சொல்கிறார்கள். பத்திரிகைக்காரர்களும் எழுதி எழுதித் தேய்த்துவிட்டார்கள். தீபாவளிக்கு அந்த ஊரில் வெடி போடுவதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பாசத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வரலாறு படித்தவன் கணக்கையும் பார்க்க வேண்டும் அல்லவா? ஆயிரக்கணக்கான பறவைகள் மாதக்கணக்கில் எச்சமிட்ட குளத்தின் அடிமண், கோடையில் அந்த ஊர் வயல்களுக்கு உரம். நம் பக்கம் கரம்பை என்று சொல்வோமே, அதுதான். கடையில் வாங்காமல் கிடைக்கிற சத்து. செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கலிலும் இதே கதைதான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதாக ஊர்க்காரர்கள் முறையிட, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் அவர்களுடைய உரிமையை ஒப்புக்கொண்டு கவுல் எழுதிக்கொடுத்தார். பறவை இருந்த குளத்துத் தண்ணீர் பாய்ந்தால் விளைச்சல் கூடும் என்பதை அந்த விவசாயிகள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். பாசமும் லாபமும் ஒரே திசையில் இழுத்தால் வண்டி நன்றாக ஓடும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். பறவை அணைக்கு முன்னா, பின்னா?

மணிமுத்தாறு அணை 1958-ல் முடிந்தது, காமராசர் முதல்வராக இருந்தபோது. 118 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கலாம். அதன் பிரதான கால்வாயை நான்கு ரீச்சாகப் பிரித்திருக்கிறார்கள். கடைசி ரீச்சுகள்தான் நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட குளங்களுக்குப் போகின்றன. கூந்தன்குளத்துக்கும் மணிமுத்தாற்றுத் தண்ணீர்தான் வருகிறது. நம் பொதுப்பணி நண்பர் சொன்னதில் இந்தப் பாதி சரி.

மறுபாதிக்குப் பம்பாய் போக வேண்டும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1883-ல் தொடங்கியது. அது நடத்தும் ஏட்டில், 1907-ஆம் ஆண்டுத் தொகுதியில், ரேனியஸ் என்பவர் எழுதிய ஒரு குறிப்பு இருக்கிறது. இரண்டு பக்கம்தான். இந்தியாவில் கூழைக்கடா கூடு கட்டுவதைப் பற்றியது. இடம், திருநெல்வேலி ஜில்லா கூந்தன்குளம். ரேனியஸ் என்றதும் பாளையங்கோட்டைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்வீர்கள். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் 1838-லேயே காலமாகிவிட்டார். இவர் அதே குடும்பப் பெயர் கொண்ட வேறொருவர். ஐயரைப் பற்றி இன்னொரு நாள் தனியாக எழுதுகிறேன்.

ஆக, அணைக்கு அரை நூற்றாண்டு முன்பே கூந்தன்குளத்தில் கூழைக்கடா கூடு கட்டியிருக்கிறது. அச்சில் சாட்சி இருக்கிறது. நாங்குநேரிக்காரரின் தாத்தா ஜெயித்துவிட்டார்.

அந்தக் காலத்தில் இது ஏன் ஏட்டில் போடும் அளவுக்குச் செய்தி ஆனது என்று கேட்கலாம். கூழைக்கடாவை எல்லாக் குளத்திலும் பார்க்கலாம், ஆனால் எங்கே கூடு கட்டுகிறது என்பது வெள்ளைக்காரப் பறவை ஆய்வாளர்களுக்குப் பெரிய புதிர். ஜெர்டன் என்ற மருத்துவர் 1860-களில் வெளியான தம் இந்தியப் பறவைகள் நூலில், அன்றைய கர்நாட்டிக் பிரதேசத்தில், அதாவது நம் கீழைச் சமவெளியில், ஒரு கிராமத்தின் நடுவிலேயே தாழ்வான மரங்களில் இவை கூடு கட்டுவதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். பல தலைமுறையாக இப்படித்தான் என்று ஊர்க்காரர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் நடமாட்டத்தைப் பறவைகள் சட்டை செய்யவில்லை என்பதுதான் அவருக்கு ஆச்சரியம். 1877-ல் பர்மாவில் சிட்டாங் ஆற்றுச் சமவெளியில் ஓட்ஸ் என்பவர் காட்டு மரங்களில் கணக்கில் அடங்காத கூடுகளைப் பார்த்தார். 1940-களுக்குள் அந்தக் கூட்டம் முழுவதும் இல்லாமல் போனது. ஆந்திரத்தில் கொல்லேறு ஏரிப் பக்கம் 1946-ல் பெரிய குடியிருப்பு ஒன்றை நீலகண்டன் கண்டுபிடித்தார். இந்துசூடன் என்ற பெயரில் மலையாளத்தில் பறவைகள் பற்றி எழுதியவர் அவர்தான். அதுவும் 1970-களில் காலியாகிவிட்டது.

பர்மாவில் காலி, கொல்லேறில் காலி, நம் நாங்குநேரிக் காட்டில் மட்டும் இன்னும் நிற்கிறது. கர்நாடகத்தில் கொக்கரே பெள்ளூர் என்ற கிராமமும் இப்படித்தான், வீட்டு மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும். சிட்டாங்கில் பறவைகள் மனிதர்களை விட்டு விலகி இருந்தன. கூந்தன்குளத்திலும் கொக்கரே பெள்ளூரிலும் மனிதர்களை ஒட்டி இருந்தன. ஆள் இல்லாத காடு அழிந்தபோது கேட்க ஆள் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பறவை அறிஞர்கள் வேறு காரணமும் சொல்லலாம்.

1907-க்குப் பிறகு 1961-ல் அதே பம்பாய் ஏட்டில் கூந்தன்குளத்துக் கூழைக்கடாக்கள் பற்றி இன்னொரு குறிப்பு வந்தது. 1971-ல் மங்களராஜ் ஜான்சன், பறவை நோக்குவோருக்கான செய்திமடலில் கூந்தன்குளத்து நாரைக் குடியிருப்பைப் பற்றி எழுதினார். பிறகு 1994-ல் சரணாலயம். 2022 ஆகஸ்ட் 3-ல் ராம்சார் தளமாக அறிவிப்பு. அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் ஆறு இடங்கள், வேடந்தாங்கலும் குமரி மாவட்டத்து வேம்பனூரும் உட்பட. ராம்சார் என்பது ஈரானில் காஸ்பியன் கடற்கரையில் உள்ள ஊர். சதுப்புநிலங்களைக் காக்க 1971 பிப்ரவரி 2-ல் அங்கே ஓர் உடன்படிக்கை ஆனது. ஈரானிய ஊர்ப் பெயரை நம் பஞ்சாயத்துப் பலகையில் பார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அணை வந்ததால் எதுவும் மாறவில்லையா என்றால், மாறியது. அணைக்கு முன் குளம் உள்ளூர் மழையை நம்பி இருந்தது. மழை பெய்த வருடம் பறவை வந்திருக்கும், பொய்த்த வருடம் வேறு குளம் பார்த்துப் போயிருக்கும். கால்வாய்த் தண்ணீர் வந்த பிறகு மழை குறைந்த சில வருடங்களிலும் குளம் நிறைய வழி ஏற்பட்டது. இன்னொரு மாற்றம் மரங்களில். 1980-களில் சுவீடன் நாட்டு உதவியோடு சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்ததே, உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாடு முழுவதும் குளத்து உள்வாயில் நாட்டுக் கருவேலம் நட்டார்கள். விறகுக்காக நட்ட மரம், நீர் சூழ்ந்த முள்மரத்தில் கூடு வைத்தால் பூனையும் பாம்பும் எளிதில் வராது என்பதால், பறவைகளுக்கு வசதியானது. திட்டம் போட்டவர் நாரையை நினைத்தா போட்டிருப்பார்?

சரி, இதெல்லாம் பழங்கதை. என்னைக் கவலைப்பட வைப்பது ஒரு கணக்கு.

கூழைக்கடா முட்டை பொரிய 30 முதல் 33 நாள். குஞ்சு பறக்கத் தயாராகக் கூட்டிலும் கூட்டைச் சுற்றியும் மூன்று முதல் ஐந்து மாதம். தையில் முட்டையிட்டால் வைகாசி, ஆனி வரை பக்கத்தில் மீன் இருக்க வேண்டும். மீன் இருக்கத் தண்ணீர் இருக்க வேண்டும். நம் பிசான நெல்லோ மாசி, பங்குனியில் அறுவடைக்கு வந்துவிடும். அதற்குள் விவசாயி மடையைத் திறந்து வேண்டிய அளவு பாய்ச்சித்தான் ஆக வேண்டும். அது அவருடைய குளம், அவருடைய பாட்டன் கரையில் மண் சுமந்த குளம். அறுவடைக்குப் பிறகு மிஞ்சும் தண்ணீரில்தான் குஞ்சுகளின் உயிர் இருக்கிறது. கடைசி ரீச்சில் இருக்கிற குளம் என்பதால், மேலே எல்லோருக்கும் கிடைத்த பிறகே இங்கே வரும். மழை தாமதமானால், அணை மட்டம் ஏறாவிட்டால், மார்கழி பிந்தி வரும் தண்ணீர் பயிருக்கே போதாது. நடுவில் வற்றினால் பெற்ற பறவை கூட்டை விட்டுப் போய்விடும். குஞ்சு மட்டும் மரத்தில் நிற்கும்.

கீழே விழுந்த குஞ்சுகளைப் பற்றிப் பேசினால் பால்பாண்டியைச் சொல்லாமல் இருக்க முடியாது. பறவை பார்க்கக் கூந்தன்குளம் போனவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். காற்றில் கூடு சாய்ந்து விழும் நாரைக் குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து, பறக்கும் வரை வளர்த்துவிட்டவர். அவர் மனைவி வள்ளித்தாயும் அதே வேலையைத் தம் பிள்ளை வளர்ப்பாகவே செய்தார். எந்தப் பறவை எப்போது வரும், எந்த மரத்தில் உட்காரும் என்று படித்த ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியவர் அந்தக் கிராமத்து மனிதர்.

பெரியவரிடம் தண்ணீர் பற்றியும் கேட்டேன். "குளம் பெருகிட்டா பிரச்சன கெடையாது. கொறையா வந்தாத்தான் சண்ட. வெவசாயிக்கும் பறவைக்கும் இல்ல, மேக்க உள்ளவனுக்கும் எங்களுக்கும்" என்றார். இதைவிடத் தெளிவாக எந்தப் பொறியாளரும் சொல்லிக் கேட்டதில்லை. சரணாலயம் என்று வேலி போட்டு, பலகை வைத்து, பூங்கா அமைத்தால் நம் கடமை முடிந்தது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூந்தன்குளத்தின் தலைவிதி கூந்தன்குளத்தில் எழுதப்படுவதில்லை. மலையில் பெய்கிற மழையிலும், அணையில் ஷட்டர் திறக்கிற தேதியிலும், நடுவில் உள்ள கால்வாயில் மண் அடைத்திருக்கிறதா என்பதிலும் இருக்கிறது. வெள்ளம் என்றால் அதுவும் ஒரேயடியாக. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கு மேல் மழை. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் எத்தனை குளங்கள் உடைந்தன!

பறவைகள் ஒரு குளத்தை நம்பிப் பிழைப்பதில்லை. கூந்தன்குளத்தில் கூடு வைத்த நாரை பல மைல் பறந்து வேறு குளத்தில், வேறு வயலில் இரை தேடும். 2011 முதல் ஆண்டுதோறும், மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் தன்னார்வலர்களைக் கொண்டு தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. நம் டவுன் நயினார்குளமும் அதில் உண்டு. பஸ்ஸில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே, அதே நயினார்குளம்தான். திருப்புடைமருதூரில் கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் பறவைகள் தங்குவதால், ஊர் மக்களே முன்வந்து கேட்டு, 2005-ல் அந்த இடம் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மூன்று ஹெக்டேர்கூட வராது. நாட்டிலேயே அந்த வகையில் முதல் காப்பகம் அதுதான். தாமிரபரணியும் கடனாநதியும் கூடுகிற இடம். போனால் கோயில் கோபுரத்துக்குள் உள்ள பழைய ஓவியங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

வெளிநாட்டு விருந்தாளிகளைப் பற்றிக் கேட்ட பேரனுக்கு ஒரு வார்த்தை. கூந்தன்குளத்துக்கு மார்கழி, தையில் வரும் பட்டைத்தலை வாத்து மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டி வருவது. அதன் முதுகில் கருவி பொருத்திப் பார்த்ததில் 7,000 மீட்டருக்கு மேல் பறந்தது பதிவாகியிருக்கிறது. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டிய வாத்துகள் தென்னிந்தியக் குளங்களில் தென்பட்டிருக்கின்றன. அது நம் ஊரில் குஞ்சு பொரிக்காது, குளிருக்கு வந்துபோவது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் அப்படி அல்ல. அவை நம் நாட்டுப் பறவைகள், இங்கே பிறந்தவை. 'ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பறவைகள்' என்று அவற்றின் படத்துக்குக் கீழே எழுதிப் பரப்பும் புண்ணியவான்களை எங்கே பார்த்தாலும் திருத்துங்கள்.

போக நினைப்பவர்கள் தை முதல் பங்குனிக்குள் போங்கள். காலை ஏழு மணிக்குள் அங்கே இருந்தால் நல்லது. பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஊர்த் தெருவிலேயே தலைக்கு மேல் பார்க்கலாம். தொப்பியோ துண்டோ கட்டாயம், காரணம் போனால் தெரியும். டிரோன் கொண்டுபோக வேண்டாம். டீக்கடையில் டீ குடித்துவிட்டு வாருங்கள், ஊர்க்காரர்களுக்கும் ஏதாவது வரும்படி இருக்கட்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 1907, 1961, 1971 என்று அச்சில் கிடைப்பது மூன்று புள்ளிகள்தான். நடுவில் உள்ள வருடங்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கின்றன. நாங்குநேரி, மூலக்கரைப்பட்டி, மூன்றடைப்பு பக்கம் பெண் கொடுத்த, பெண் எடுத்த குடும்பங்கள் நம்மில் நிறைய. எந்த வருடம் குளம் பெருகியது, எந்த வருடம் வற்றியது, கூழைக்கடா எந்த மரத்தில் கூடு வைத்தது, கல்யாண போட்டோவில் பின்னால் நாரை தெரிகிறதா, எதுவானாலும் கேட்டு எழுதி எனக்கு அனுப்புங்கள். வருடம் சரியாகத் தெரியாவிட்டால், "அணை கட்டுகிறதுக்கு முன்", "பெரிய பஞ்சத்துக்கு அடுத்த வருடம்", "மூத்தவன் பிறந்தபோது" என்று எழுதினாலும் போதும். கணக்குப் போட்டு வருடம் கண்டுபிடிப்பது என் வேலை.